ஒரே சப்நெட்டுக்குள்ள பறக்குது, அடுத்த சப்நெட்டுக்குப் போனா ஊருது

ஜூன் 3, காலை. கேள்வி

எங்க ஆபீஸ்ல இதுவரைக்கும் எல்லாமே 192.168.10.0/24ங்கிற ஒரே சப்நெட்லதான் (ஒரே முகவரித் தொகுதியில இருக்கற நெட்வொர்க்) இருந்துச்சு. போன மாசம் ஃபைல் சர்வரை மட்டும் தனி விலானா, அதாவது ஸ்விட்ச்சுக்குள்ளேயே தனி நெட்வொர்க்காப் பிரிச்சு 192.168.20.0/24க்குக் கொண்டுபோனோம். நடுவுல ஒரு லேயர் 3 ஸ்விட்ச், அதாவது சப்நெட்டுகளுக்கு நடுவுல ரவுட்டிங்கும் பண்ற ஸ்விட்ச். 10ஆம் சப்நெட்டுக்குள்ளேயே ஒரு மெஷின்லேருந்து இன்னொண்ணுக்குக் காப்பி போட்டா செகண்டுக்கு 110 மெகாபைட் தாராளமாப் போகுது. சர்வருக்குப் போட்டா 11ஐத் தாண்ட மாட்டேங்குது. பிங் 1 மில்லிசெகண்டுக்குக் கீழதான் வருது. ஸ்விட்ச்சுக்கு ரவுட்டிங் பண்ற சக்தி பத்தலைன்னு நினைக்கிறேன். பெரிய மாடலா மாத்தினா சரியாகுமா?

ஜூன் 3, காலை

ஸ்விட்ச்சைத் தொடாதீங்க. முதல்ல அந்த 11ஐப் பாருங்க.

100 மெகாபிட் லிங்க்ல டிசிபி (ஃபைல் காப்பி ஓடற அனுப்பும் முறை) அதிகபட்சமா 94, 95 மெகாபிட் தள்ளும். அதை எட்டால வகுத்தா 11 சொச்சம் மெகாபைட். ஜிகாபிட்ல அதே கணக்கு 941 மெகாபிட் பக்கம் வரும். 1500 பைட் பாக்கெட்ல ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20, டைம்ஸ்டாம்ப் 12 கழிச்சா மிச்சம் 1448. கம்பியில அந்த ஃப்ரேம் முன்னும் பின்னும் சேர்த்து 1538 பைட் இடம் பிடிக்கும். நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு.

லேயர் 3 ஸ்விட்ச் சப்நெட் மாத்தி அனுப்பற வேலையைச் சிப்லயே செய்யும். ஏதோ காரணத்தால பாக்கெட் அதோட சிபியூவுக்குப் போயித் திணறினா வேகம் ஏறி இறங்கும், சிபியூ மீட்டரும் எகிறும். ஒரே கோட்டுல 11லயே நிக்குதுன்னா போற வழியில எங்கேயோ ஒரு போர்ட் 100ல ஓடுது. சர்வர் போர்ட், உங்க மெஷின் போர்ட், ஸ்விட்ச்சுகளுக்கு நடுவுல இருக்கற அப்லிங்க், மூணோட ஸ்பீடையும் டூப்ளெக்ஸையும் (ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் பேசினா ஃபுல், மாத்தி மாத்திப் பேசினா ஹாஃப்) பார்த்துட்டு எழுதுங்க.

ஜூன் 3, மாலை

மூணுமே 1000, ஃபுல் டூப்ளெக்ஸ், எர்ரர் கவுண்டர் சுத்தமா இருக்குன்னு பதில் வந்திருக்கு. ஸ்கிரீன்ஷாட்டும் பார்த்தேன். சரிதான்.

இருந்தாலும் அந்த எண் பொய் சொல்லாது. ஃபைல் காப்பியை விட்டுட்டு ஐபெர்ஃப்3ங்கிற வேகம் அளக்கற கருவியைப் போடுங்க. காப்பியில டிஸ்க், ஆன்டிவைரஸ், எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிர்வு முறை) கையொப்பம் எல்லாம் கலந்து வரும். ஐபெர்ஃப் மெமரியிலேருந்து மெமரிக்கு அனுப்பும், பழி சொல்ல நெட்வொர்க் மட்டும்தான் மிஞ்சும். சர்வர்ல 5201 போர்ட் திறந்திருக்கணும்.

முக்கியமா ரெண்டு திசையிலயும் போடுங்க. வெறுமனே ஓட்டினா உங்க மெஷின்லேருந்து சர்வருக்குப் போகும். ரிவர்ஸ் ஆப்ஷன் குடுத்தா சர்வர் அனுப்பும், நீங்க வாங்குவீங்க. நிறைய பேர் இந்த ரெண்டாவதைப் போடாமலேயே கேபிளை மாத்தக் கிளம்பிடறாங்க.

ஜூன் 3, மாலை, இன்னொண்ணு

யூடிபில (போய்ச் சேர்ந்துச்சான்னு பதிலுக்குக் காத்திருக்காத அனுப்பும் முறை) போட்டுப் பார்த்துட்டு 1 மெகாபிட்தான் வருதுன்னு பதறாதீங்க. ஐபெர்ஃப்3ல யூடிபிக்கு நீங்க வேகம் சொல்லலைன்னா அது தானா வைக்கிற அளவே 1 மெகாபிட்தான்.

ஜூன் 4, காலை

இதுக்காகத்தான் ரெண்டு திசையும் கேட்டேன். அவர் அனுப்பினது: மெஷின்லேருந்து சர்வருக்கு 94 மெகாபிட். சர்வர்லேருந்து மெஷினுக்கு 930.

மூணு கேபிளும் மூணு போர்ட்டும் ரெண்டு திசைக்கும் பொது. அதுல ஒண்ணு 100ல இருந்தா ரெண்டு பக்கமும் 94தான் வந்திருக்கணும். ஆக, போற பாக்கெட்டும் வர்ற பாக்கெட்டும் ஒரே வழியில நடமாடலை. போறப்ப மட்டும் நீங்க கணக்குலயே எடுக்காத ஒரு போர்ட் வழியா நுழைஞ்சு போகுது.

டூப்ளெக்ஸ் பொருந்தாததும் ஒரு திசையை மட்டும் சாகடிக்கும்னு ஒருத்தர் கீழ எழுதியிருக்கார். உண்மைதான். ஒரு முனையைக் கையால 100 ஃபுல்னு பூட்டிட்டு மறுமுனையை ஆட்டோவுல விட்டா, ஆட்டோ முனை ஸ்பீடைக் கண்டுபிடிச்சிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாம ஹாஃபுக்கு இறங்கிடும். ஆனா அங்க ஃபுல் பக்கத்துல சிஆர்சி எர்ரரும் (கெட்டுப்போன ஃப்ரேம்) ஹாஃப் பக்கத்துல லேட் கொலிஷனும் (தாமதமான மோதல்) குவியும், வேகமும் கன்னாபின்னான்னு ஆடும். இவ்வளவு ஒழுங்கா 94 வராது.

மூணு விஷயம் வேணும். உங்க மெஷின்லேருந்து சர்வருக்கு ட்ரேஸ்ரூட், அதாவது வழியில இருக்கற ரவுட்டர்களோட பட்டியல். சர்வரைப் பிங் பண்ணினா பதில்ல வர்ற டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டறப்பவும் ஒண்ணு குறையற எண்) எவ்வளவு. உங்க மெஷினோட டீஃபால்ட் கேட்வே (வேற சப்நெட்டுக்குப் போற பாக்கெட்டை மெஷின் முதல்ல குடுக்கற பெட்டி) எது.

ஜூன் 4, மதியம்

ட்ரேஸ்ரூட் இப்படி:

1. 192.168.10.1
2. 192.168.10.2
3. சர்வர்

கேட்வே 192.168.10.1, அது இன்டர்நெட்டுக்குப் போற ஃபயர்வால். 10.2தான் லேயர் 3 ஸ்விட்ச். சர்வர்ல லினக்ஸ். பிங் பதில்ல டிடிஎல் 63.

இதை எழுத்துக் கூட்டிப் படிங்க. முதல் ரெண்டு ஹாப்பும் 10.1, 10.2. ரெண்டும் ஒரே சப்நெட்டு. பாக்கெட் உங்க மெஷினை விட்டு ஃபயர்வாலுக்குப் போகுது. ஃபயர்வால்ல "20.0 வேணும்னா 10.2கிட்ட குடு"ன்னு ஒரு ஸ்டாட்டிக் ரூட் இருக்கு. அதனால வந்த போர்ட் வழியாவே பாக்கெட் திரும்பி வெளிய வந்து ஸ்விட்ச்சுக்குப் போகுது. தலையைச் சுத்தி மூக்கைத் தொடறது.

திரும்பி வர்றப்போ? லினக்ஸ் டிடிஎல்லை 64ல தொடங்கும். 63ன்னா நடுவுல ஒரே ஒரு ரவுட்டர். லேயர் 3 ஸ்விட்ச்சுக்கு 10ஆம் சப்நெட்லயே ஒரு கால் இருக்கே, அது நேரா உங்க மெஷின்கிட்ட குடுத்துடுது. போக ரெண்டு ரவுட்டர், வர ஒண்ணு. அந்த 930க்கும் 94க்கும் காரணம் இதுதான்.

நம்பிக்கை வரலைன்னா வயர்ஷார்க்கை (பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டற மென்பொருள்) ஓடவிட்டு ஈத்தர்நெட் வரியை மட்டும் பாருங்க. நீங்க அனுப்பற ஃப்ரேம்ல சேரும் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) ஃபயர்வாலோடது. பதிலா வர்ற ஃப்ரேம்ல அனுப்பின மேக் முகவரி ஸ்விட்ச்சோடது. ஒரே உரையாடல், ரெண்டு வேற கதவு.

இப்போ ஸ்விட்ச்ல ஃபயர்வால் செருகியிருக்கற போர்ட்டைப் பாருங்க. ஸ்பீட் 100ன்னு இருக்கும். அவுட்புட் டிராப் கவுண்டரும் பார்த்து எழுதுங்க.

ஜூன் 4, இரவு

100தான். டிராப் கவுண்டர் ஏறிக்கிட்டே இருக்குன்னு எழுதியிருக்கார். ஜிகாபிட்ல வந்து குவியற பாக்கெட்டை 100 மெகாபிட் வாய் வழியா வெளிய விடணும், ஸ்விட்ச்சோட பஃபர் நிரம்பினதும் கொட்டிடும்.

இவ்வளவு நாள் யாருக்கும் தெரியாததுக்குக் காரணமும் அதுலயே இருக்கு. இன்டர்நெட் லைன் 100 மெகாபிட்டுக்குக் கீழ இருந்தா ஃபயர்வால் போர்ட் 100ல ஓடறது வெளிய தெரியாது. சர்வரும் பழைய சப்நெட்டுக்குள்ளேயே இருந்ததால அந்தப் பக்கமே போகலை. சர்வரைப் பிரிச்ச அன்னிக்குத்தான் ஆபீஸ் முழுக்கச் சேமிக்கிற ஒவ்வொரு ஃபைலும் அந்த போர்ட் வழியா ரெண்டு தடவை, உள்ள ஒண்ணும் வெளிய ஒண்ணுமா, நடக்க ஆரம்பிச்சுது.

ஒருத்தர் "உள்ளயும் வெளியயும் ஒரே லிங்க்ன்னா பாதியாக் குறையணுமே, 47 தானே வரணும்"னு கேட்டிருக்கார். ஃபுல் டூப்ளெக்ஸ்ல போறதுக்கும் வர்றதுக்கும் தனித்தனி 100 உண்டு. ஒரு திசைக் காப்பின்னா உள்ள வர்றது ஒரு பாதையைப் பிடிக்கும், வெளிய போறது மத்ததைப் பிடிக்கும், முழு 94ம் கிடைக்கும். பத்துப் பேர் ஒரே நேரத்துல போட்டா அந்த 94ஐத்தான் பங்கு போட்டுக்கணும், கூடவே இன்டர்நெட் டிராஃபிக்கும் அதுல வந்து மோதும். ஒரே கேபிள்ல ரவுட்டரைத் தொங்கவிட்டு எல்லா விலானையும் அதுல ஏத்தற அமைப்புக்கும் இதே கணக்குத்தான்.

ஜூன் 5, காலை

கேபிளை மாத்தினதும் லிங்க் 1000க்கு வந்துடுச்சாம். ஃபயர்வால் போர்ட் ஜிகாபிட்தான், பழைய பேட்ச் கேபிள்ல நீல ஜோடி அத்துப்போயிருந்திருக்கு. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6ன்னு ரெண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். 4, 5ல இருக்கற அந்த நீல ஜோடி அத்துப்போனா, முனைகள் பேசி ஜிகாபிட்டுக்கு ஒத்துக்கிட்டு, லிங்க் எழும்பாம, பல சிப்புகள் சத்தமில்லாம 100க்கு இறங்கிடும். விளக்கு எரியும், பிங் போகும், யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போ சர்வருக்கு 400 சொச்சம் மெகாபிட் போகுதாம். "இது போதும், மூடிடலாமா?"ன்னு கேட்கிறார்.

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், இங்க நிறுத்தாதீங்க. பாதை இன்னும் கோணலாத்தான் இருக்கு, கோணல் இப்போ கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான். அந்த 400ல ஃபயர்வால் சிபியூ எவ்வளவு போகுதுன்னு பாருங்க. ஒருத்தர் பெரிய ஃபைல் போடறப்ப இன்னொருத்தர் வீடியோ அழைப்புல இருந்தா என்ன ஆகுதுன்னு கேளுங்க.

ஜூன் 5, மதியம்

சிபியூ 100ஐத் தொடுதாம். அழைப்பு வெட்டி வெட்டிப் போகுதாம்.

இதைவிட என்னை உறுத்தற விஷயம் ஒண்ணு உண்டு. ஃபயர்வால்னா இணைப்போட நிலையை ஞாபகம் வெச்சுக்கணும். டிசிபி இணைப்பு சின், சின்-ஆக், ஆக்னு மூணு பாக்கெட்ல தொடங்கும். இங்க சின்-ஐ மட்டும் பார்க்குது. சின்-ஆக் வேற வழியில போயிடுது, அது கண்ணுல படவே இல்லை. அடுத்து ஆக் வருது. ஒழுங்கான ஃபயர்வால் "இது எந்த இணைப்பு, எனக்குத் தெரியாதே"ன்னு கீழ போட்டிருக்கணும். போடலைன்னா, உள்ள வந்த போர்ட்லயே வெளிய போற டிராஃபிக்குக்கு நிலையைப் பார்க்காதேன்னு யாரோ ஒரு அமைப்பைப் போட்டிருக்காங்க. தேடிப் பாருங்க.

ஜூன் 5, இரவு

இருந்திருக்கு. சர்வரை மாத்தின அன்னிக்கு "சர்வரே கிடைக்கலை"ன்னு எல்லாரும் கத்தினப்போ நிறுவ வந்தவர் அதை டிக் பண்ணிட்டுப் போயிருக்கார். அன்னிக்கு ஃபயர்வால் சொன்னதுதான் சரியான செய்தி: பாதை சமச்சீரா இல்லை. அந்த வாயை அடைச்சதும் கோளாறு மெதுவான காப்பியா மாறி வெளிய வந்திருக்கு.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல இதே நோய் வேற உருவத்துல இருந்துச்சு. சர்வர்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு, ரெண்டு சப்நெட்லயும் ஒரு கால். ஆள் ஃபயர்வால் வழியா முதல் காலைத் தேடிப் போவார், சர்வர் ரெண்டாவது கால் வழியா நேரா பதில் அனுப்பும். அங்க யாரும் டிக் போடலை, அதனால இணைப்பே நிக்காது. பார்க்க ரொம்ப மோசமாத் தெரியும், ஆனா காரணம் சீக்கிரம் பிடிபட்டுச்சு. மெதுவா வேலை செய்யற கோளாறைவிட, வேலையே செய்யாத கோளாறு எவ்வளவோ மேல்.

ஜூன் 6, காலை

சரி, எப்படிச் சரி பண்றது. "டிஎச்சிபில (மெஷின்களுக்கு முகவரியும் கேட்வேயும் தானாக் குடுக்கற சேவை) கேட்வேயை 10.2ன்னு மாத்தினா முடிஞ்சுது"ன்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. பாதிதான் முடியும். சர்வருக்குப் போற வழி நேராகிடும், ஆனா இப்போ இன்டர்நெட் வழி கோணலாகும். மெஷின் 10.2க்கு அனுப்பும், அது 10.1க்கு அனுப்பும், ஃபயர்வால் பதிலை நேரா மெஷினுக்கே குடுத்துடும். ஃபயர்வால் இன்னமும் 10ஆம் சப்நெட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கறதுதான் பிரச்சினை.

ஐசிஎம்பி (நெட்வொர்க் பெட்டிகள் அனுப்பற அறிவிப்புச் செய்தி) ரீடைரக்ட் இதுக்காகத்தானேன்னு ஒரு கேள்வி. "நேரா 10.2கிட்ட போ"ன்னு கேட்வே சொல்லித் தர்ற செய்தி அது, வகை 5. பாதுகாப்புக் காரணத்துக்காக பல ஃபயர்வால்ல அனுப்பறதையும், பல மெஷின்ல ஏத்துக்கறதையும் அணைச்சு வெச்சிருப்பாங்க. அதை நம்பி ஒரு ஆபீஸை நடத்தக் கூடாது.

ஃபயர்வாலை அந்த சப்நெட்லேருந்து எழுப்பி வெளிய உட்காரவைக்கணும். ஃபயர்வாலுக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவுல மட்டும் ஒரு குட்டி சப்நெட், 192.168.254.0/30ன்னு வெச்சுக்குங்க. ஃபயர்வால் 254.1, ஸ்விட்ச் 254.2. வேற யாரும் அதுல இருக்கக் கூடாது. ஸ்விட்ச்ல டீஃபால்ட் ரூட் 254.1க்கு. ஃபயர்வால்ல 10.0க்கும் 20.0க்கும் ஸ்டாட்டிக் ரூட் 254.2க்கு. இப்படி வெச்சா எந்தப் பாக்கெட்டும் போன வழியிலதான் திரும்ப முடியும்.

இதுல எனக்குப் பிடிச்ச வசதி: ஃபயர்வால் காலி பண்ணின 192.168.10.1ஐ ஸ்விட்ச்சுக்கே குடுத்துடுங்க. பிரிண்டர், கேமரா ரெக்கார்டர்னு கையால கேட்வே போட்டு வெச்ச எதையும் தேடி அலைய வேண்டாம். எல்லாருக்கும் கேட்வே பழைய 10.1தான், அதுக்குப் பின்னாடி இருக்கற பெட்டிதான் வேற. மேக் முகவரி மாறறதால பழைய ஏஆர்பி பதிவை (எந்த ஐபிக்கு எந்த மேக்ங்கற குறிப்பு) பிடிச்சுக்கிட்டு இருக்கற சில சாதனங்களை ஒரு தடவை அணைச்சுப் போட வேண்டியிருக்கும்.

ஜூன் 6, காலை, விட்டுப்போனது

மாத்தறதுக்கு முன்னாடி ஃபயர்வால் 10.1ங்கிற முகவரியில வேற என்னென்ன வேலை பார்த்துச்சுன்னு எழுதி வெச்சுக்குங்க. டிஎன்எஸ் (தளத்தோட பேரை ஐபி முகவரியா மாத்தித் தர்ற சேவை) பதில் சொல்லுச்சா? அப்போ எல்லா மெஷின்லயும் டிஎன்எஸ் 10.1ன்னு இருக்கும், நாளைக்கு அங்க இருக்கற ஸ்விட்ச் டிஎன்எஸ் பேசாது, "நெட் போச்சு"ன்னு கூக்குரல் எழும். டிஎச்சிபி குடுத்துச்சா? மெஷின் அதைக் கேட்கறது பிராட்காஸ்ட்ல (எல்லாருக்கும் போற அறிவிப்பு), அது சப்நெட்டைத் தாண்டாது, ஸ்விட்ச்ல அதைக் கடத்தற ரிலே போடணும். நேட் (உள் முகவரியை வெளி முகவரியா மாத்தற) விதி, வெப் விதியெல்லாம் 10.0 நேரடியா ஒட்டியிருக்குன்னு நினைச்சு எழுதினதா இருக்கும். விபிஎன்ல வர்றவங்களுக்குன்னு தனி முகவரிக் கூட்டம் இருந்தா ஸ்விட்ச்சோட டீஃபால்ட் ரூட்டே அவங்களுக்கும் போதும்.

ஜூன் 7

நேத்து எழுதினதை ஒரு நிபந்தனையோட படிங்க. சர்வரை எதுக்குத் தனி சப்நெட்டுக்குக் கொண்டுபோனீங்க? பிராட்காஸ்ட்டைக் குறைக்க, ஒழுங்குக்காகன்னா ஸ்விட்ச்சே ரவுட் பண்ணட்டும். ஒரு மெஷின்ல வைரஸ் புகுந்தா சர்வரைக் காப்பாத்தணும்ங்கறதுக்காகன்னா கதை வேற. ஸ்விட்ச்ல போடற ஏசிஎல் (எதை விடணும், எதைத் தடுக்கணும்ங்கற பட்டியல்) பெரும்பாலும் நிலை பார்க்காது, பாக்கெட்டுக்கு உள்ளயும் பார்க்காது. அப்போ ரெண்டு சப்நெட்டுக்கும் கேட்வே ஃபயர்வாலாவே இருக்கணும், போறதும் வர்றதும் அது வழியாவே நடக்கணும், அந்தச் சுமையைத் தாங்கற ஃபயர்வாலும் வேணும். விளம்பரத் தாள்ல பெருசாப் போட்டிருக்கற வேகம் சோதனை எதுவும் பண்ணாம அனுப்பற வேகம். உள்ளடக்கச் சோதனை எல்லாம் போட்ட பிறகு எவ்வளவுங்கற வரியைத் தேடிப் படிங்க, அது ரொம்பக் கீழ இருக்கும்.

ரெண்டும் சரியான அமைப்புதான். இவர்கிட்ட இருந்தது ரெண்டும் இல்லை. ஃபயர்வாலைச் சுமக்கவும் வெச்சாச்சு, காவல் காக்கவும் விடலை.

ஜூன் 8

வேற ஒருத்தர் நடுவுல வந்து "எனக்கும் இதே"ன்னு எழுதியிருக்கார். படிச்சா இதே இல்லை. அவருக்கு இணைப்பு வருது, ஃபோல்டர் திறக்குது, பெரிய ஃபைலைத் தொட்டதும் அப்படியே உறைஞ்சு நிக்குது. இது மெதுவான நடை இல்லை, எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கற வரம்பு.

ரெண்டு முனையிலயும் ஜம்போ 9000 (வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட்) போட்டுட்டு நடுவுல விலான் இன்டர்ஃபேஸை 1500லயே விட்டிருப்பீங்க. ஒரு முனை மட்டும் ஜம்போன்னா டிசிபி தப்பிச்சுக்கும். இணைப்பு தொடங்கறப்பவே ரெண்டு பேரும் தன்னோட எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்ல வாங்கிக்கற டேட்டா அளவு) சொல்லிக்குவாங்க, சின்ன எண்தான் நிலைக்கும். ரெண்டு பேரும் பெருசாச் சொல்லி, நடுவுல ஆள் சின்னவனா இருந்தா, "துண்டாக்கணும், ஆனா கூடாதுன்னு கொடி இருக்கு"ன்னு ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4 வரணும். பிங்கைத் தவிர மத்த ஐசிஎம்பியை யாராவது தடுத்து வெச்சிருந்தா அந்தச் செய்தி வராது, அனுப்பறவன் காத்துக்கிட்டே இருப்பான். துண்டாக்காதே கொடியோட பிங்கை 1472 பைட்ல போடுங்க, அது போகும். 8972ல போடுங்க, அது போகலைன்னா கதை தெரிஞ்சுபோச்சு. தலைப்பு 28 பைட்டையும் கூட்டினா 1500, 9000.

ஜூன் 10

மாத்தியாச்சாம். ரெண்டு திசையும் 940 பக்கம். ட்ரேஸ்ரூட்ல ஒரே ரவுட்டர். ஃபயர்வால் சிபியூ தூங்குது. அந்த டிக்கையும் எடுத்துட்டார், எதுவும் உடையலை, அதைக் கேட்டதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

ஜூன் 11

"பெரிய ஃபைல் பறக்குது, ஆனா ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல் இருக்கற ஃபோல்டர் இன்னும் ஊருது"ன்னு கேட்டிருக்கார். அதுக்கு நெட்வொர்க்கைத் தோண்டாதீங்க. ஒவ்வொரு குட்டி ஃபைலுக்கும் திற, எழுது, தேதி போடு, மூடுன்னு எஸ்எம்பி சர்வரோட பல தடவை பேசணும், ஒவ்வொண்ணையும் ஆன்டிவைரஸ் ரெண்டு பக்கமும் மோந்து பார்க்கும். அதே ஃபோல்டரை ஒரே ஜிப்பாக் கட்டி அனுப்பிப் பாருங்க, முழு வேகத்துல போனா லிங்க் நல்லாத்தான் இருக்கு. தினமும் அனுப்பணும்னா விண்டோஸ்லயே இருக்கற ரோபோகாப்பியை மல்டித்ரெட் ஆப்ஷனோட ஓட்டுங்க, எண் குடுக்கலைன்னா 8 இழையா ஓடும். 16, 32ன்னு ஏத்திப் பாருங்க, சர்வர் டிஸ்க் எதுவரைக்கும் தாங்குதோ அதுவரைக்கும்.